கடலில் இறக்கிய பைக்கை எந்தத் தண்ணீரில் கழுவுவது?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ராமநாதபுரம் கடற்கரையில் பைக்கில் சுற்றிக் கூடாரம் அடித்துத் தங்குவது பற்றித் தங்கள் பயணப் பக்கத்தில் எழுதியிருந்தீர்கள். தொண்டியிலிருந்து சாயல்குடி வரை நல்ல சாலை இருந்தும், எல்லோரும் ராமேஸ்வரத்தை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள் என்ற குறை எங்களுக்கும் உண்டு. அதனால் கட்டுரை வந்ததில் மகிழ்ச்சிதான். ஆனால் அதற்கு அந்தப் படத்தையா போடவேண்டும்? முன்சக்கரம் பாதி முங்க, அலை நுரைக்குள் ஒரு வண்டி நிற்கிறது. பார்க்க அழகுதான். அடுத்த சனி ஞாயிறில் பத்துப் பேராவது அதேபோல நிறுத்திப் படம் எடுப்பார்கள். பட்டறை வேலை பார்ப்பவர்களும் நெடுந்தூரம் ஓட்டுகிறவர்களுமாகச் சேர்ந்து இதை எழுதுகிறோம். கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஓடி வந்த வண்டியில் சக்கர பேரிங், பிரேக் காலிப்பர், சைலன்சர் எல்லாம் சூடாக இருக்கும். அந்தச் சூட்டோடு தண்ணீரில் இறக்கினால் பேரிங்குக்குள் இருக்கும் காற்று சட்டென்று சுருங்கும். சுருங்கிய இடத்தை நிரப்ப, சீலின் உதட்டைத் தாண்டி உப்புத் தண்ணீர் உள்ளே இழுபடும். வெளியே எவ்வளவு துடைத்தாலும் இது தெரியாது. கொஞ்ச நாள் கழித்து முன்சக்கரத்தைத் தூக்கிக் கையால் சுற்றினால் கரகரவென்று கேட்கும். பிரேக் பேடை டிஸ்க்கோடு அழுத்தும் காலிப்பர் நகரும் பின்களில் உப்புப் பூத்தால், பிடித்த பிரேக் முழுதாக விடாது. பேட் ஒரு பக்கமாகத் தேயும். முன்சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க் தண்டில் காய்ந்த உப்பு ரவை மாதிரி ஒட்டிக்கொண்டு ஒவ்வொரு பள்ளத்திலும் சீலை அறுக்கும், பிறகு ஆயில் கசியும். சக்கரக் கம்பிகளை ரிம்மோடு இறுக்கும் ஸ்போக் நிப்பிள்கள் இறுகிப்போனால் சக்கரத்தின் கோட்டம் எடுக்க முறுக்கும்போது ஸ்போக் ஒடிந்து கையில் வரும். சைடு ஸ்டாண்டு சுவிட்சுக்குள் பச்சைக் களிம்பு பிடித்தால், ஸ்டாண்டை மடக்கியிருந்தும் கியர் போட்டவுடன் எஞ்சின் நின்றுவிடும். கார்பரேட்டரையும் பிளக்கையும் பிரித்துப் பார்த்துப் பாதி நாளைத் தொலைத்தபிறகுதான் சுவிட்சின் நினைவு வரும்.

உப்பு காய்ந்துவிட்டால் போயிற்று என்று நினைப்பதுதான் பெரிய தப்பு. மழைக்காலத்தில் உப்பு ஜாடி எப்படிக் கசிகிறது என்பதை அடுக்களையில் பாருங்கள். வண்டியில் படிந்த உப்பும் அப்படித்தான், ராத்திரி ஈரத்தை உறிஞ்சி விடியலில் நனைந்து நிற்கும். கடலைவிட்டு ஊருக்குப் போய் ஷெட்டில் நிறுத்தினாலும் அரிப்பு நிற்காது. கழுவித்தான் ஆகவேண்டும்.

கழுவுவதற்கும் முறை உண்டு. எஞ்சின் ஆற அரை மணி நேரம் விடவேண்டும். முதல் ஐந்து லிட்டரைத் தேய்க்காமல் மேலிருந்து மெதுவாக ஊற்றவேண்டும். உப்பு கரையும் முன்னே துணியால் தேய்த்தால் மணலும் சேர்ந்து பெயிண்டைக் கீறும். அதன்பிறகு ஷாம்பு போட்டுத் தேய்த்து, நிப்பிள்கள், காலிப்பரின் உள்பக்கம், பின்சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங் ஆர்முக்கு அடிப்பகுதி என்று பார்த்துப் பார்த்து அலசவேண்டும். வாட்டர் சர்வீஸ் துப்பாக்கியை சக்கர நடுவிலும் செயினிலும் நேராகப் பிடித்தால் உப்பை உள்ளே தள்ளிவிட்டதாகத்தான் அர்த்தம். கழுவியபின் இரண்டு மூன்று கிலோமீட்டர் ஓட்டி, இடையிடையே பிரேக் பிடித்து டிஸ்க்கைக் காயவிட்டு, செயினுக்கு எண்ணெய் விடவேண்டும். சிக்கனமாகச் செய்தாலும் ஒரு வண்டிக்கு 20 லிட்டர் ஆகும். அதுவும் நல்ல தண்ணீராக இருக்கவேண்டும். கடலோர ஊர்களில் போர் தண்ணீர் பல இடங்களில் உவர். நாக்கில் ஒரு சொட்டு வைத்துப் பாருங்கள். கரித்தால் அதில் கழுவுவதும் கழுவாமல் விடுவதும் ஒன்றுதான்.

எங்கள் ஆட்சேபணைக்குக் காரணமே அந்த 20 லிட்டர்தான். குழி போட்ட தள்ளுவண்டியில் குடங்களை அடுக்கித் தெருத்தெருவாகத் தண்ணீர் தள்ளிப் போகும் மாவட்டம் இது. காவிரி கூட்டுக் குடிநீர் வருகிற நாளில் வீட்டுக்கு இத்தனை குடம் என்று எண்ணிப் பிடிக்கிறார்கள். ஊரணி என்பது குளிக்கும் குளம் அல்ல, பல ஊர்களில் குடிதண்ணீரே அதுதான். அதன் படித்துறையில் ஷாம்பு போட்டு வண்டி கழுவுகிறவர்களைப் பார்த்துத்தான் வெளியூர் பைக் என்றாலே கிராமத்தில் முகம் சுளிக்கிறார்கள். தனுஷ்கோடி மணல் திட்டுகளில் மீனவர்கள் கையால் தோண்டி எடுக்கும் ஊற்றுகளைப் பார்த்திருப்பீர்கள். மழைநீர் மணலில் இறங்கி, கனமான உப்புத் தண்ணீரின்மேல் ஏடு மாதிரி மிதக்கிறது. மேலாகத் தோண்டினால்தான் நல்ல தண்ணீர். ஆழப்படுத்தினால் உப்பு ஏறிவிடும். பார்க்க வெறும் குழி போல இருக்கும், அதை மிதித்துவிடாதீர்கள். காலைக்கடனுக்குக் குழி தோண்டுவதை ஊற்றிலிருந்து குறைந்தது 60 மீட்டர் தள்ளி வைத்துக்கொள்ளுங்கள்.

ஆகவே கடலில் இறக்காமல் ஓட்டுவதே நல்லது. அலையில் இறக்காவிட்டாலும் கடல்காற்றிலேயே உப்பு வரும். அதற்குத் தினமும் ராத்திரி ஒரு லிட்டர் தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணி போதும். பேட்டரி முனைகளிலும் கிளட்ச் கேபிள் நுனியிலும் கிளம்பும் முன்பே வாஸ்லின் தடவிவிடுங்கள்.

அலையை விட்டாலும் ஈர மணலில் ஓட்டலாமே என்பார்கள். மன்னார் வளைகுடாப் பக்கம் மணல், பாக் நீரிணைப் பக்கம் சேறு என்பதை முதலில் மனத்தில் வையுங்கள். தேவிபட்டினம், காரங்காடு, தொண்டிப் பக்கம் கரை மேலே காய்ந்து கெட்டியாகத் தெரியும், ஆனால் ஏடு உடைந்தால் கீழே கறுப்புச் சேறு. தரவை எனப்படும் உவர் வெளிகளிலும் இதே கதைதான். மழைக்குப் பிறகு பல வாரங்கள் வரை மேலே வெள்ளை உப்புப் பூத்து, பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும். 180 கிலோ வண்டி, அதன்மேல் 40 கிலோ மூட்டை, அப்புறம் ஆள். அச்சு வரை இறங்கிவிடும். ஆட்டு மந்தை போன தடம் இருந்தால் அந்தத் தடத்தில் நடந்து பார்த்துவிட்டு வண்டியை விடுங்கள். ஆடும் போகாத இடத்தில் உங்களுக்கு என்ன வேலை?

மணல் பக்கத்தில் ஓட்டக் கூடாது என்பதற்கு வேறு இரண்டு காரணங்கள் உண்டு. ஒன்று கரைவலை. கடலில் வளைத்த வலையின் இரண்டு கயிற்றையும் கரையில் நின்று இழுப்பார்கள். தண்ணீரிலிருந்து இழுக்கிறவர்கள் கைவரை கயிறு முழங்கால் உயரத்தில் விறைத்து நிற்கும். நிறமும் மணல் நிறம். காலை எதிர்வெயிலில் கண்ணுக்கே தெரியாது. வேகமாக வருகிற பைக் மாட்டினால் ஓட்டுகிறவருக்கு மட்டுமா அடி? கயிறு பிடித்திருக்கும் இருபது பேருக்கும்தான். இரண்டாவது பங்குனி ஆமை. தை முதல் பங்குனி வரை ராத்திரியில் கரையேறி மணலில் குழி தோண்டி, ஒரு குழிக்கு நூறு முட்டை போல இட்டு மூடிவிட்டுப் போகும். ஒன்றரை மாதத்துக்கு மேல் அது அங்கேயே கிடக்கும், மேலே எந்த அடையாளமும் இருக்காது. இந்தக் கடற்கரையில் பைக் பயணத்துக்கு நல்ல பருவமும் அதே தை, மாசி, பங்குனிதான் என்பதுதான் சங்கடம். முட்டைக் குழிமேல் சக்கரம் ஏறினால் தெரியப்போவதில்லை. பொரித்து வரும் குஞ்சுகள் வெளிச்சத்தைப் பார்த்துப் போகும். கூடாரத்துக்கு வெளியே எல்.இ.டி. விளக்கைத் தொங்கவிட்டால் கடலுக்குப் போகாமல் உங்களிடம் வரும். வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ள உயிர் இது, மாட்டினால் வழக்கு.

சாலையிலிருந்து கூடாரம் போடும் இடம் வரை சில நூறு அடி மணல் பாதையில் போகவேண்டி வரத்தான் செய்யும். அதற்குக் காற்றைக் குறைக்கவேண்டும். சாலைக்கு 28 முதல் 32 பி.எஸ்.ஐ. வரை வைத்திருந்தால் மணலுக்கு 18 முதல் 20. ட்யூப் டயரில் 15-க்குக் கீழே போகாதீர்கள். டயர் ரிம்மின்மேல் நழுவிச் சுற்றி ட்யூபின் வால்வை வேரோடு கிழித்துவிடும். இரண்டாம் கியர், சீரான ஆக்சிலேட்டர், உடம்பைப் பின்னால் தள்ளி நின்றபடி ஓட்டம், முன் பிரேக்கைத் தொடவே கூடாது. சக்கரம் புதைந்தால் முறுக்காதீர்கள், முறுக்க முறுக்கக் குழிதான் ஆழமாகும். எஞ்சினை அணைத்து, சைலன்சர் இல்லாத பக்கமாக வண்டியைப் படுக்கவைத்து, பின்சக்கரக் குழியை மணலால் மூடிவிட்டு நிமிர்த்துங்கள். இப்போது சக்கரம் மேலே நிற்கும். முதல் கியரில் மெல்லக் கிளட்சை விட்டு, ஏறாமல் பக்கத்தில் நடந்தபடியே வெளியே கொண்டுவாருங்கள். தார்ச்சாலை ஏறும்முன் மறுபடி காற்று அடிக்கவேண்டும். நிறுத்தும்போது சைடு ஸ்டாண்டுக்குக் கீழே நாலு அங்குலச் சதுரத்தில் ஒரு பிளைவுட் துண்டு வைத்துக்கொள்ளுங்கள். இந்த மணலில் கல்லைத் தேடினாலும் கிடைக்காது.

இனி முள். லடாக் போய் வந்தவர்கள்கூட இங்கே அசந்துபோவது சீமைக்கருவேல முள்ளில்தான். ஆணி குத்தினால் பிடுங்கலாம். இந்த முள் டயருக்குள்ளேயே ஒடிந்து நிற்கும், வெளியிலிருந்து பார்த்தால் புள்ளிகூடத் தெரியாது. புது ட்யூப் மாற்றிப் பெருமூச்சு விட்டுக் கிளம்பினால், அதே முள் இரண்டு கிலோமீட்டரில் புது ட்யூபையும் குத்தும். அதனால் ட்யூபை உருவும்முன் வால்வு இருந்த இடத்தையும் செயின் பக்கம் எது என்பதையும் டயரில் சாக்பீஸால் குறித்துக்கொள்ளுங்கள். ட்யூபில் காற்றடித்து ஓட்டையைக் கண்டதும் அதே நிலையில் டயர்மேல் வைத்துப் பார்த்தால், முள் ஒரு சாண் இடத்துக்குள் அகப்பட்டுவிடும். விரலால் தடவாதீர்கள்; பழைய பருத்தித் துணியைச் சுருட்டி உள்பக்கம் இழுத்தால் நூல் மாட்டிக் காட்டிக்கொடுக்கும். நோஸ் பிளையரால் உள்பக்கமிருந்தே உருவவேண்டும். ட்யூபில் ஓட்டை ஒன்றுதான் என்று நம்பவும் வேண்டாம். காற்றில்லாமல் நாலு அடி உருண்டிருந்தாலே ரிம் பக்கமும் குத்தியிருக்கும். ஒட்டும்போது சொல்யூஷனை மெல்லிசாகத் தடவி, தொட்டால் விரலில் ஒட்டாத அளவுக்குக் காயவிட்டபிறகே பேட்ச் வைக்கவேண்டும். ஈரத்தோடு வைத்த பேட்ச் டயர் சூடானதும் வழுக்கிக்கொண்டு வந்துவிடும். ட்யூப்லெஸ்காரர்கள் பம்பைக் கையில் வைத்துக்கொள்ளாமல் முள்ளைப் பிடுங்கக் கூடாது. பல சமயம் முள்ளே அடைப்பாக நின்று பட்டறை வரை கொண்டுபோய் விட்டுவிடும்.

வழியோரப் பஞ்சர் கடைகளில் 17, 18 அங்குல ட்யூப் கிடைக்கும். முன்னால் 21 அங்குலச் சக்கரம் போட்ட வண்டிகளுக்கு அங்கே கிடைக்காது. மூட்டையில் ஒரே ஒரு ட்யூபுக்குத்தான் இடம் என்றால் 21 அங்குல ட்யூபை எடுத்துக்கொள்ளுங்கள். அவசரத்துக்கு அதைப் பின்சக்கரத்தில் மடிப்பு விழாமல் திணித்துப் பட்டறை வரை மெதுவாகப் போய்விடலாம். சின்ன ட்யூபைப் பெரிய சக்கரத்துக்கு இழுக்க முடியாது.

பெட்ரோலுக்குக் கேன் சுமக்க வேண்டாம். ராமநாதபுரத்திலிருந்து தூத்துக்குடி சுமார் 120 கிலோமீட்டர்தான், நடுவே கீழக்கரை, சாயல்குடி என்று ஊர்கள் இருக்கின்றன. அந்தக் கேனில் தண்ணீர் பிடித்துக்கொள்ளுங்கள்; குடிக்க ஆளுக்கு நாளொன்றுக்கு நாலு லிட்டர், சமையலும் செய்தால் ஆறு. செயினை பெட்ரோலில் கழுவும் பழக்கமும் வேண்டாம், செயின் இணைப்புகளில் இருக்கும் ரப்பர் ஓ-ரிங் கெட்டுவிடும். மண்ணெண்ணெய் அல்லது டீசலில் நனைத்த துணியால் துடைத்து, ஓட்டி முடித்த சூட்டோடு 90 கிரேடு கியர் ஆயிலை உள்பக்கத்தில் சொட்டு விட்டு, மிச்சத்தை வழித்துவிடுங்கள். கிரீஸ் அப்பினால் பறக்கும் மணல் அதில் ஒட்டி உப்புத்தாளாக மாறிப் பல்சக்கரத்தைத் தின்னும்.

காற்றுக்கு வருவோம். வைகாசி கடைசியிலிருந்து ஆவணி வரை தென்மேற்குக் காற்றான கச்சான் அடிக்கும் காலத்தில் பாம்பன் பாலத்தில் பக்கவாட்டுக் காற்று வண்டியை அடுத்த தடத்துக்குத் தள்ளும். இரண்டு பக்கமும் அகலப் பெட்டி மாட்டியவர்களுக்குப் பாய் விரித்த மாதிரி. ஐப்பசி முதல் மார்கழி நடுவரை மழையும் புயலும். 1964 டிசம்பரில் தனுஷ்கோடி போனதும் அந்தப் பருவத்தில்தான். பாம்பனில் ஏற்றும் புயல் எச்சரிக்கைக் கூண்டைப் படிக்கத் தெரிந்துகொள்ளுங்கள்: 1, 2 என்றால் தொலைவில் கடலுக்குள் ஏதோ உருவாகிறது, 3 ஏறினால் பலத்த காற்று துறைமுகத்தையே தொடும் என்று பொருள், அன்றைக்குக் கரையில் கூடாரம் வேண்டாம். மழை, புயல் எதுவும் இல்லாமலே தூரத்துக் கடலின் அலை வந்து கரையேறும் கள்ளக்கடலும் உண்டு. அதற்கு இன்காய்ஸ் என்ற இந்தியக் கடல்சார் தகவல் சேவை மையம் முன்னெச்சரிக்கை தருகிறது. கரையில் காய்ந்த கடல்தாழை வரிசை எங்கே கிடக்கிறதோ அதுவரை தண்ணீர் வந்திருக்கிறது. அதற்கும் மேலே, பனைகள் தொடங்கும் இடத்தில் போடுங்கள்.

கூடாரத்தோடு கொடுக்கும் அலுமினிய முளைகள் இந்த மணலில் நிற்காது. ஐந்து கிலோ அரிசிப் பைகளைக் காலியாகக் கொண்டுவாருங்கள், எடையே இல்லை. மணல் நிரப்பி, நடுவில் கயிறு கட்டி, ஒரு முழ ஆழத்தில் கிடத்திப் புதைத்தால் வாடையே வந்தாலும் அசையாது. பை இல்லாவிட்டால் பனைமட்டை. ஆனால் மட்டையின் இரண்டு ஓரமும் கருக்கு, ரம்பப் பல். அப்படியே கட்டினால் காற்றில் ஆடி ஆடி நடுராத்திரிக்குள் கயிற்றை அறுத்துவிடும். கத்தியால் கருக்கைச் சீவிவிட்டுக் கட்டுங்கள். வண்டியில் கட்டினால் காற்றுக்கு வண்டியே கூடாரத்தின்மேல் சாயும். வள்ளத்தில் கட்டவே கட்டாதீர்கள், விடியுமுன் கடலுக்குப் போய்விடுவார்கள். பனங்காட்டில் காய்ந்த ஓலை எங்கும் கிடக்கும், அங்கே விறகுத் தீ மூட்டுவது ஊரைக் கொளுத்துவதற்குச் சமம். காற்றுத் தடுப்போடு கேஸ் அடுப்பு போதும். கட்டுவிரியனும் சுருட்டை விரியனும் உள்ள மண். ஜிப்பை மூடியே வையுங்கள், ஷூவும் உள்ளேயே இருக்கட்டும். கட்டுவிரியன் கடி பல நேரம் வலிக்கவே வலிக்காது. சந்தேகம் வந்தாலே விடியட்டும் என்று காத்திராமல் ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போய்விடவேண்டும்.

எல்லைக் கடல் இது என்பதையும் வெளியூர்க்காரர்கள் மறந்துவிடுகிறார்கள். ராத்திரி கரையில் டார்ச் அசைந்தாலே கடலோரப் பாதுகாப்புக் குழுமப் போலீசார் வருவார்கள், வரவும் வேண்டும். செயற்கைக்கோள் தொலைபேசியோ, செயற்கைக்கோள் வழி இருப்பிடம் அனுப்பும் கருவியோ வெளிநாட்டுப் பயணிகளைப் பார்த்து வாங்கி வைத்திருந்தால் வீட்டிலேயே விட்டுவிடுங்கள். உரிமமின்றி வைத்திருப்பது இந்தியாவில் குற்றம், இந்தக் கரையில் அதற்கு விளக்கம் சொல்லி மாளாது. உச்சிப்புளியில் கடற்படையின் ஐ.என்.எஸ். பருந்து விமானத் தளம் இருக்கிறது, ட்ரோன் ஆசையும் வேண்டாம். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் கடல்சார் தேசியப் பூங்கா. ஆழம் குறைவு, நடந்தே போய்விடலாம் என்று யாராவது சொன்னாலும் கால் வைக்கக் கூடாது. அரிச்சல்முனையில் இரவு தங்க விடமாட்டார்கள். மற்ற இடங்களில் பொழுது சாயுமுன் ஊருக்குள் போய், வலை பின்னிக்கொண்டிருக்கும் பெரியவரிடம் "ஐயா, இன்னிக்கு ராத்திரி இங்கிட்டுக் கூடாரம் போட்டுக்கிடலாமா?" என்று கேட்டுவிடுங்கள். பெரும்பாலும், எங்கே போடக் கூடாது என்பதையும் சேர்த்தே சொல்வார்.

மாவட்ட நிர்வாகத்துக்கும் சுற்றுலாத் துறைக்கும் ஒரு வேண்டுகோள். அரியமான், வாலிநோக்கம், காரங்காடு ஆகிய மூன்று இடங்களில் பத்துக் கூடாரம் போடும் அளவுக்கு வேலியிட்ட ஓர் இடம் ஒதுக்கலாம். காரங்காட்டில் வனத்துறை ஏற்கெனவே சதுப்புக் காட்டுக்குப் படகு விடுகிறது, அதை ஒட்டியே செய்யலாம். பத்துப் பேருக்குக் குடிக்கவும் சமைக்கவும் ஆளுக்கு ஆறு லிட்டர், மேல் கழுவப் பத்து, உப்பில் வந்த வண்டிக்கு 20 என்று தாராளமாகக் கணக்கிட்டாலும் நாளைக்கு 360 லிட்டர். 500 லிட்டர் தொட்டி ஒன்று போதும். லாரித் தண்ணீரின் விலையையும் சேர்த்துக் கட்டணமாக வாங்கட்டும், அது ஊராட்சிக்குப் போகட்டும். இரண்டு கழிப்பறை, ஒரு பதிவேடு. பெயர், ஓட்டுநர் உரிம எண், வண்டி எண் ஆகியவற்றை மாலை ஆறு மணிக்குக் கடலோரக் காவல் நிலையத்துக்குச் சொல்லிவிட்டால், நடுராத்திரி எழுப்பி விசாரிக்கும் வேலை போலீசாருக்கும் மிச்சம்.

தங்களிடமும் ஒன்று கேட்கிறோம். வானிலைப் பெட்டியில் சென்னை, மதுரை வெப்பநிலையோடு பாம்பன் காற்றின் வேகத்தையும், கூண்டு ஏற்றியிருந்தால் அதன் எண்ணையும் தினமும் போடுங்கள். மீனவர்களுக்கும் உதவும். ஒரு வரிதான், இடம் பிடிக்காது.

இப்படிக்கு,
பட்டறைக்காரர்களும் பைக் பயணிகளுமான வாசகர்கள் சிலர்,
ராமநாதபுரம்.